ஒரு கேத்தல் சுடுதண்ணீர்

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பகுதிக்குப் பொறுப்பாக வந்த பிள்ளை அவள். கெட்டிக்காரி, பேச்சு மட்டும் கொஞ்சம் கூட. புது டிஜிட்டல் மெஷின் வந்துவிட்டதாம். இனி ஃபிலிம் இல்லை, இருட்டறை இல்லை, மருந்துத் தொட்டி இல்லை. படம் எடுத்து முடித்ததும் நோயாளியின் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று திரையின் ஓரத்தில் ஓர் எண் வருகிறதாம். பிள்ளைகளுக்குப் படம் எடுக்கும்போது அந்தக் காலத்தில் நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் என்று ஆஸ்பத்திரி மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டாள். இனிமையான நினைவுகளாக இருந்தால் நல்லது மிஸ் என்றும் சொன்னாள்.

இனிமையான நினைவு வேண்டுமென்றால் பிரசவ வார்டு மிஸ்மாரைக் கேட்டிருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான். இதை மலரில் போடமாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவில், பத்துப் பதினைந்து தோட்டத்துச் சனங்கள் நம்பியிருக்கிற ஓர் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொண்டால் போதும்.

நான் மஸ்கெலியாப் பக்கத்து ஒரு தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார், அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். எப்படியோ படித்தேன். எப்படியோ கொழும்பில் ரேடியோகிராபர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அங்கே பாடம் சிங்களத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், அழுகை மட்டும் தமிழில். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முடித்ததும் இந்த ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். முப்பத்து நான்கு வருடம் இங்கேயே கிடந்தேன்.

என்னுடைய பெரியவர் கனகசபை சேர். யாழ்ப்பாணத்துக்காரர். இந்தக் குளிருக்கு எல்லாரும் கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு கிடக்கும்போது, அவர் மட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு ஏழேமுக்காலுக்கு வந்து நிற்பார். சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு தோல் உறையில் வெப்பமானி. வந்தவுடன் இருட்டறைக்குள் போய் மருந்துத் தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்துக் குறித்து வைத்த பிறகுதான் யாரோடும் பேசுவார். தோட்டத்து ஆட்களை வாடா போடா என்று விரட்டுகிற ஆஸ்பத்திரியில், கிழவிக்குக் கூட எழுந்து நின்று கட்டிலைக் காட்டுகிற மனிதர். எக்ஸ்ரே தட்டு குளிர்ந்திருக்கும் என்று, பிள்ளையைப் படுக்கவைக்கும் முன் தன் உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். அவரைப் போல ஒரு மேலதிகாரி எனக்குப் பிறகு கிடைக்கவில்லை. நானும் அப்படி ஒருத்தியாக இருக்கவில்லை.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை. முதல் நாளே எனக்குச் சொன்னார்.

"பிள்ளை, ஒரு குழந்தைக்கு ஒரு படம்தான். ரெண்டாவது படம் எடுக்க வேண்டி வந்தால் அது எங்கட பிழை. குழந்தையின்ர பிழை இல்லை."

அதற்காகவே அந்த அட்டை வந்தது. அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டுமானால் இருட்டறையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஃபிலிமில் கதிர் பட்டால் மட்டும் படம் தெரியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அதை ஒரு கம்பிச் சட்டத்தில் மாட்டி, மருந்துத் தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி வைக்க வேண்டும். அந்த மருந்து இருபது டிகிரி சூட்டில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் ஊரில் காலையில் மருந்து பன்னிரண்டு டிகிரியில் கிடக்கும். மார்கழி, தையில் அதற்கும் கீழே இறங்கும். குளிர்ந்த மருந்தில் முக்கினால் படம் வெளிறிப்போய் வரும், எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியாது. டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் மருந்துத் தொட்டியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்து, வெளித் தண்ணீரை ஒரு கம்பி ஹீட்டரால் சூடாக்கி வைப்போம். நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் அந்த ஹீட்டர் எரிந்து போனது.

புது ஹீட்டர் கேட்டு எழுதினோம், ஆச்சரியமாக அது வந்தும் சேர்ந்தது. அந்தக் கிழமையே பிரசவ வார்டில் சுடுதண்ணீர் நின்றுபோனது. மேட்ரன் வந்து கேட்டார். சேர் பெட்டியைப் பிரிக்காமலே தூக்கிக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. பிறந்த பிள்ளையைப் பச்சைத் தண்ணியில குளிப்பாட்டச் சொல்லுறதே பிள்ளை? ரெண்டு கிழமைக்குத்தானே, பிறகு திருப்பித் தருவினம் என்றார். பிரசவ வார்டிலிருந்து ஒரு ஹீட்டரைத் திருப்பிக் கேட்கிற மனம் யாருக்கும் வராது. அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அந்த இரண்டு கிழமைக்காக, பதினான்கு நாளுக்காக, சேர் ஓர் அட்டை செய்தார். ஃபிலிம் பெட்டியின் அட்டையை வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, மருந்து எத்தனை டிகிரியில் இருந்தால் கதிரை எத்தனை படி ஏற்ற வேண்டும் என்று முத்து முத்தாக எழுதினார். பதினைந்துக்குக் கீழே இருந்தால் இரண்டு படி. மருந்து சோம்பேறித்தனம் பண்ணினால் கதிரைக் கூட்டிக் கொடுத்து அதை ஈடுகட்டுவது, அவ்வளவுதான். படம் அருமையாக வந்தது. திரும்ப எடுக்கிற வேலையே குறைந்தது. கதிர் விசையை அழுத்துகிற மேசைக்கு மேலே அந்த அட்டையை ஒட்டி வைத்தோம். இரண்டு படி என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு கதிர். தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு படம் என்பது நடந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு மனம் நிறைந்திருந்தது.

இரண்டு கிழமை பன்னிரண்டு வருடமானது. சேர் ஓய்வு பெற்றுப் போகும்போது வெப்பமானியை உறையோடு என் கையில் தந்தார். அட்டை சுவரில் அப்படியே இருந்தது.

அவர் போன அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரே எடுப்பது பற்றி ஒரு கிழமைப் பயிற்சிக்கு என்னைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஒரு சிங்கள அம்மா பாடம் நடத்தினார். பிள்ளையின் உடம்பு வளர்கிற உடம்பு, கதிர் செய்கிற கெடுதி அதில் பெரியவர்களை விட ஆழமாக இறங்கும், அந்தக் கெடுதி வெளியே வருவதற்கு முன்னால் அதற்கு நீண்ட ஆயுளும் இருக்கிறது என்று விளக்கினார். உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து எத்தனை டிகிரி என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் எழுந்து நின்று எங்கள் அட்டையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். மலைநாட்டுக்காரி ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறாள் என்று வகுப்பு மெச்சும் என்று எதிர்பார்த்தேன், வெட்கக்கேடு. அந்த அம்மா திட்டவில்லை. குளிர்ந்துபோனது மருந்துதானே, பிள்ளை இல்லையே, குளிர்ந்ததைச் சூடாக்குங்கள், அதற்காகப் பிள்ளைக்கு ஏன் கூடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஹீட்டர் இல்லையென்றேன். ஒரு கேத்தல் சுடுதண்ணீர் போதுமே மகள் என்றார்.

திரும்பி வந்த மறுநாளே அட்டையைக் கிழித்தெடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். இருட்டறை உதவியாளர் சோமபால, சேர் காலத்து ஆள். சிங்களவர்தான், ஆனால் தோட்டத்துச் சனத்தோடு பழகிப் பழகி எங்களை விட நன்றாகத் தமிழில் கேலி பேசுவார். அவரிடம் சமையல்கட்டிலிருந்து தினமும் காலையில் பெரிய கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சமையல்கட்டு கீழே, எக்ஸ்ரே அறை மேலே, நடுவில் நாற்பது படிகளுக்கு மேல் இருக்கும். மருந்துக்குக் குளிருது, எனக்குக் குளிரலையா என்று முனகிக்கொண்டே கொண்டுவந்து வெளித்தொட்டியில் ஊற்றினார். ஆவி எழும்பியது. வெப்பமானி மெல்ல மெல்ல ஏறி இருபதில் வந்து நின்றது. அன்று முதல் படம் ஒரு கைக்குழந்தையின் நெஞ்சு. அட்டையை மறந்து பாதிக் கதிரில் எடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் விலா எலும்பெல்லாம் எண்ணலாம் போல் அவ்வளவு தெளிவு. என் வேலைக் காலத்திலேயே சந்தோஷமாக இருந்த மாதம் எதுவென்று கேட்டால் அந்த மாதத்தைச் சொல்வேன்.

ஒரு மாதம்தான். மழை தொடங்கியது. படியில் பாசி. ஒரு காலை சோமபால வழுக்கி விழுந்து, கொதிதண்ணீர் அவருடைய இடது பாதத்தில் கொட்டியது. பதினெட்டு நாள் வார்டில் கிடந்தார். மேட்ரன் என்னைக் கூப்பிட்டு, சமையல்கட்டுச் சுடுதண்ணீர் நோயாளிக்குத்தான், எக்ஸ்ரேக்கு இல்லை, இனிமேல் உங்கள் ஆள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். ஹீட்டர் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நான்காவது கடிதத்தை எழுதவில்லை.

படங்கள் வெளிறத் தொடங்கின. டாக்டர்மார் திருப்பி அனுப்பினார்கள். லாச்சியைத் திறந்து அட்டையை எடுத்தேன். சேர் எழுதிய பென்சில் எழுத்து மங்கியிருந்தது. அதன்மேலேயே கறுப்புப் பேனாவால் ஒவ்வொரு எண்ணாக ஓட்டி எழுதி, ஹீட்டர் வரும்வரை என்று சொல்லிக்கொண்டு, மறுபடியும் சுவரில் ஒட்டினேன். சேர் எழுதியபோது அவருக்கு அதன் கெடுதி இவ்வளவு என்று தெரியாது. நான் ஓட்டி எழுதியபோது எனக்குத் தெரியும். தர்ஷினி, நீ எழுதச் சொன்ன கவனம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சமையல்கட்டுக்குப் போகக்கூடாது என்றானதும் எங்களுக்குக் காலைத் தேத்தண்ணீர் நின்றுபோனது. நாங்கள் சேர்ந்து ஒரு மின்சாரக் கேத்தல் வாங்கி எக்ஸ்ரே அறையிலேயே வைத்தோம். ஆம், கேத்தல்தான். அதை மருந்துத் தொட்டிக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றவேயில்லை என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. தோன்றியது. சின்னக் கேத்தல், மூன்று நான்கு தடவை கொதிக்கவைத்து ஊற்ற வேண்டும், வெளியே நாற்பது பேர் குந்தியிருக்கிறார்கள், அட்டைதான் இருக்கிறதே என்று விட்டேன். அப்படி விட்டது ஒரு நாள் இல்லை, வருடக்கணக்கு. அதில் தேத்தண்ணீர் மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

சுகந்தி வந்தது அதற்குப் பிறகு.

ஒன்றரை வயது. கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம். தாய் பாக்கியம், கொழுந்து எடுக்கிறவள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்திருக்கிறது. தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்து ஆயா பார்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பிறக்கும்போதே இடது இடுப்பு மூட்டு குழியை விட்டு விலகியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை கண்டியிலிருந்து வருகிற எலும்பு டாக்டர் அதைப் பார்த்தார். கண்டியில் ஒபரேஷன், பிறகு மாவுக்கட்டு, பிறகு மூட்டு குழியில் நிற்கிறதா என்று பார்க்கத் தொடர்ந்து படம். பதினொரு தடவை எங்களிடம் வந்தாள்.

பிள்ளையின் இடுப்பைப் படம் எடுப்பது சின்ன வேலை இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் நேராக நீட்டி, பெருவிரல்கள் உள்ளே பார்க்கத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இடுப்பு ஒரு நூல் சாய்ந்தாலும் மூட்டு விலகியிருக்கிறதா, படம் விலகியிருக்கிறதா என்று தெரியாது. பிள்ளை அலறும், உதைக்கும். அம்மாதான் ஈயக் கவசத்தைப் போட்டுக்கொண்டு பிடித்திருக்க வேண்டும். பெண் பிள்ளை என்பதால் அடிவயிற்றில் கதிர் படாமல் மறைக்க, பழைய கவசத்தில் வெட்டித் துணி வைத்துத் தைத்த ஒரு சின்ன முக்கோணத் துண்டு என்னிடம் இருந்தது. நானே தைத்தது. அதை ஒரு விரல் அளவு தள்ளி வைத்துவிட்டால் மூட்டையே மறைத்துவிடும், படம் வீண். அப்புறம் அதை எடுத்துவிட்டு இன்னொரு படம். கவசமில்லாமல், இரண்டு படி கூட்டி.

வீணான படங்களை நாங்கள் புத்தகத்தில் பதியமாட்டோம். தண்ணீர் சொட்டச் சொட்ட வாளியில் போடுவோம். புத்தகத்தில் சுகந்திக்குப் பதினொரு படம். உண்மையில் எத்தனை என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வரை நினைவு வருகிறது.

அதில் ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவளுக்கு இரண்டரை வயது இருக்கும். நல்ல மழை. பாக்கியம் பிள்ளையைத் தன் முதுகில், மழைக்குக் கட்டுகிற படங்குச் சீலையால் மூடிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளை காய்ந்திருந்தது, அவள் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. கேத்தலைப் போட்டு இஞ்சி தட்டி ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, குடிக்காமல் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். கேத்தலில் முக்கால்வாசித் தண்ணீர் மிச்சமிருந்தது. உள்ளே மருந்து பதினோரு டிகிரி. நான் அட்டையைப் பார்த்து இரண்டு படி ஏற்றினேன்.

படம் வந்தது. இடுப்பு மூட்டுக்கு நேர் மேலே வெள்ளையாக ஒரு குழாய். பிள்ளையின் அரைஞாண் கயிற்றில் கோர்த்திருந்த தாயத்து. மேலே ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தேன், பிள்ளை உதைத்த உதையில் கீழே இறங்கிவிட்டது. கயிற்றைக் கழற்றச் சொன்னேன். முடிச்சு இறுகியிருந்தது. கழற்றக்கூடாது என்று கோயிலில் சொல்லிக் கட்டினது மிஸ்ஸி என்று பாக்கியம் தயங்கினாள். எனக்கோ வெளியே வரிசை நிற்கிறது. கத்தரிக்கோலை எடுத்து, வெட்டட்டுமா என்றேன். அவள் தலையை ஆட்டினாள். வெட்டித் தாயத்தை அவள் கையில் வைத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுபடியும் படுக்கவைத்தோம், மறுபடியும் இரண்டு படி. இந்த முறை அருமையான படம்.

அவளுடைய இடுப்பு நன்றாகவே சரியானது. நொண்டாமல் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடிப் பரிசும் வாங்கினாள். நான் ஓய்வு பெறுகிற வருடம் தாயும் மகளும் ஆஸ்பத்திரிக்கு வந்து அதைக் காட்டிவிட்டுப் போனார்கள். இந்தக் கையால் ஏதோ ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று அன்று நினைத்தேன்.

போன வருடம் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கொழும்புக்கு அனுப்பினார்கள். பதினேழு வயது. ஒன்பது மாதம் இருந்தாள்.

கேள்விப்பட்டதும் கொழும்பில் எனக்குத் தெரிந்த ஒரு புற்றுநோய் டாக்டரைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, பத்தொன்பது படம், இரண்டு மடங்கு. பொறுமையாகக் கேட்டார். இந்த நோய் ஒரு படம் கூட எடுக்காத பிள்ளைகளுக்கும் வருகிறது, நீங்கள் சொல்கிற அளவு சின்ன அளவுதான், அதனால் வந்திருக்காது என்றே நினைக்கலாம் என்றார். அதனால் இல்லையென்று உறுதியாகச் சொல்வீர்களா டாக்டர் என்று கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார், நல்ல மனிதர். ஆமாம் என்றிருந்தால் அந்தப் பாரத்தைச் சுமந்திருப்பேன். இல்லையென்றிருந்தால் இறக்கி வைத்திருப்பேன். இப்போது இரண்டும் இல்லை. சுகந்தியின் பெயராவது எனக்குத் தெரியும். அந்த அட்டைக்குக் கீழே படுத்து எழுந்து போன மற்றப் பிள்ளைகள் எத்தனை, எங்கே இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள்? புத்தகத்தில் கூட பாதிதான் இருக்கிறது.

தர்ஷினி, உன் புது மெஷினில் தொட்டி இல்லை, சரி. ஆனால் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் படம் இன்னும் பளிச்சென்று வருமே, யாரும் திருப்பி அனுப்பமாட்டார்களே என்று உனக்கும் ஒரு நாள் தோன்றும். ஓரத்தில் வருகிற எண்ணை அப்போது பார்ப்பாயா என்று தெரியவில்லை. நான் பார்த்திருக்கமாட்டேன். வெப்பமானியைத் தினமும்தான் பார்த்தேன், என்ன செய்தேன்?

மூன்று கிழமைக்கு முன்னால் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. லயத்துக் காம்பராவில் அவள் மட்டும் இருந்தாள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, வாங்க மிஸ்ஸி என்று பாயைத் தட்டிப் போட்டாள். சுவரில் பிள்ளையின் படத்துக்குக் கீழே அந்த ஓட்டப் பரிசு. குடிக்க ஒன்றும் வேண்டாம் என்றேன். கேட்காமல் அடுப்பில் கேத்தலை வைத்தாள்.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நேரடியாகவே சொன்னேன். ஆஸ்பத்திரிப் பாஷை எதுவும் பாவிக்காமல், அவளுக்கு விளங்குகிற மாதிரி.

"பாக்கியம், சுகந்திக்குப் படம் புடிச்சப்பவெல்லாம் நான் வேண்டிய அளவுக்கு ரெண்டு மடங்கு கதிர் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். மருந்தச் சூடாக்கியிருந்தா பாதி போதும். நான் சூடாக்கல. அதனாலகூட அவளுக்கு இந்த நோய் வந்திருக்கலாம்."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கத்துவாள், அழுவாள், வெளியே போகச் சொல்வாள் என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்திருந்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தேன்.

"அது அவளுக்கு வலிச்சிருக்குமா மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒண்ணும் தெரியாது."

"அப்ப அதுல ஒண்ணுமில்ல மிஸ்ஸி. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். "தப்பு எம்மேலதான். அன்னைக்கு கயித்த வெட்டட்டுமான்னு நீங்க கேட்டுத்தானே வெட்டுனீங்க. நாந்தான் தலைய ஆட்டுனேன். முந்தானையில முடிஞ்சேன், எறங்கி வர்ற வழியில எங்கயோ விழுந்திருச்சி. திருப்பிக் கட்டணும் கட்டணும்னு இருந்தேன். கால் நல்லாயிருச்சேன்னு வுட்டுட்டேன். பதினஞ்சு வருசம் வுட்டுட்டேன் மிஸ்ஸி."

இல்லை பாக்கியம், அதனால் இல்லை என்றேன். பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள், என் மனம் நோகக்கூடாதென்று. எதுவும் உள்ளே இறங்கவில்லை. நான் கொண்டுபோனதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை, அவள் வைத்திருந்ததை என்னால் பிடுங்க முடியவில்லை. அழவேண்டியவள் அவள், அழுதவள் நான். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கேத்தல் கொதித்துவிட்டது. பழக்கதோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் கூட ஆகியிருக்கவில்லை. ஈர விறகில், புகையில், அவ்வளவு சுருக்கில் கொதித்துவிட்டது. இஞ்சி தட்டிப் போட்டு, விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்த பீங்கான் கோப்பையில் ஊற்றித் தந்தாள்.

"நனைஞ்சு வந்த அன்னைக்கு இப்பிடித்தானே இஞ்சி தட்டி ஊத்திக் குடுத்தீங்க," என்றாள். "ஆஸ்பத்திரியில எங்களுக்கு யாரு மிஸ்ஸி அப்பிடிச் செய்வாங்க? சுகந்திகிட்ட அத எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்."

குடித்தேன். கோப்பையைக் கீழே வைக்கும் முன்பே அவள் கேத்தலைத் தூக்கிவிட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா மிஸ்ஸி? சுடுதண்ணி நெறைய கெடக்கு."

நான் கோப்பையை நீட்டினேன்.